விமானத்தின் வயது: ஆண்டிலா, இறக்கத்திலா?

கேள்வி: பேருந்துக்கும் காருக்கும் இத்தனை ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள். 25 ஆண்டு கடந்த விமானங்களோ இன்னும் பறக்கின்றன. விமானத்தின் ஆயுளையும் பராமரிப்புக்கான கால இடைவெளியையும் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒவ்வொரு விமானத்துக்கும் மூன்று கணக்குகள் எழுதப்படுகின்றன: பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய தடவை, கடந்த ஆண்டுகள். சேதம் மூன்று வழிகளில் வருவதால்தான் இந்த ஏற்பாடு. அசையும் உறுப்புகளின் தேய்மானம் பெரும்பாலும் மணிக் கணக்கில் ஏறும். அரிப்போ சும்மா நிற்கும் விமானத்தையும் விடாது என்பதால் அதற்கு ஆண்டுக் கணக்கு. விசை மாறி மாறி ஏறி இறங்குவதால் உடற்கூட்டின் உலோகம் வலுவிழக்கும் ‘உலோகச் சோர்வு’க்குத் தடவைக் கணக்கு. 35,000 அடி உயரத்தில் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 பவுண்டு கூடுதலாக இருக்கும். அதாவது ஒரு சதுர மீட்டர் தகட்டை ஐந்தரை டன் விசை வெளிப்பக்கம் தள்ளுகிறது. தரையிறங்கியதும் அது நீங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில் மயிரிழை விரிசலைத் தொடங்கிவைக்கிறது. பயணம் அரை மணி நேரமா, ஐந்து மணி நேரமா என்பது அதற்குப் பெரிய பொருட்டல்ல.

கணக்கை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஹவாய்த் தீவுகளில் பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 காட்டியது. 1988 ஏப்ரல் 28 அன்று, ஹிலோவிலிருந்து ஹொனலூலு நோக்கி 24,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, அதன் முன்பகுதிக் கூரை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். மற்ற 94 பேருடன் விமானிகள் மாவி தீவில் இறக்கினார்கள். அந்த விமானம் 35,496 மணி நேரமே பறந்திருந்தது. ஆனால் 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணத்துக்கு 24 நிமிடம்தான் வருகிறது. வடிவமைத்தவர்கள் மனத்தில் கொண்டிருந்த அளவோ 51,000 மணி நேரமும் 75,000 தடவையும். தயாரிப்பாளர் 20,000 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிந்துரைத்த பெரிய சோதனையை நிறுவனம் 15,000 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்தது. காகிதத்தில் இது கூடுதல் கண்டிப்பு. தடவையில் எண்ணினால் இரண்டு சோதனைகளுக்கு நடுவே ஏறக்குறைய 38,000 பயணங்கள்! தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், உப்புக் காற்றில் அரிப்பும் சேர்ந்து, அடுத்தடுத்த ரிவெட் துளைகளில் முளைத்த சிறு விரிசல்கள் ஒன்றாகிவிட்டன. ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னர் தெரிவித்தார். அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இடைவெளியை முடிவு செய்யும் முறைக்கு வருவோம். 1954இல் ‘காமெட்’ என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலில் விழுந்தபின், பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் அதே வகை விமானம் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றியிறக்கிச் சோதித்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் அது வெடித்தது. அதன்பின் முழு விமானத்தையே சோதனைக்கூடத்தில் வதைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஏர்பஸ் ஏ380இன் உடற்கூடு ஜெர்மனியின் டிரெஸ்டனில் 47,500 பயணங்களுக்குச் சமமான சுமையைத் தாங்கியது. இது, திட்டமிட்ட ஆயுளான 19,000 பயணங்களின் இரண்டரை மடங்கு.

அமெரிக்க விதிகள் 1978 முதல், விரிசல் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடச் சொல்கின்றன. ஒரு விரிசல் கருவிக்குத் தெரியும் அளவிலிருந்து ஆபத்தான அளவுக்கு வளர 12,000 பயணங்கள் ஆகுமென்றால், சோதனையை 6,000க்கு ஒருமுறையோ 4,000க்கு ஒருமுறையோ வைப்பார்கள். முதல் முறை கண் தவறினாலும் அடுத்த முறை அகப்பட வேண்டும். உலோகத்தில் மின்சுழல்களை உண்டாக்கி விரிசலைக் கண்டறியும் எடி கரன்ட் கருவி காட்டும் விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்பதால், கண்ணால் மட்டும் பார்க்கும் இடங்களுக்கு இடைவெளி இன்னும் சுருங்கும். தரையிறங்கு சக்கரத் தொகுதி, எஞ்சினின் சுழல் வட்டு போன்றவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றில் விரிசல் தோன்றிவிட்டால் பிடிக்க அவகாசம் கிடைக்காது. எனவே குறித்த எண்ணிக்கை முடிந்ததும், பார்க்க நன்றாக இருந்தாலும், கழற்றி ஒதுக்கிவிடுவார்கள்.

தயாரிப்பாளர், விமான நிறுவனங்கள், ஒழுங்குமுறை அமைப்பு ஆகிய மூவரும் உட்கார்ந்து முதல் அட்டவணையை உருவாக்குகிறார்கள். அதன்மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் திட்டத்தைத் தயாரித்துத் தன் நாட்டில் ஒப்புதல் பெற வேண்டும். இந்தியாவில் அதைத் தருவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ.

கேள்வி: அப்படி ஒப்புதல் பெற்ற அட்டவணை பிறகு மாறாதா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: மாறும், சில சமயம் ஒரே வாரத்தில். போயிங் 737இன் புதிய தலைமுறை விமானங்களில், இறக்கைக்கும் உடற்கூட்டுக்கும் இடையிலான சுமையைத் தாங்கும் கவை வடிவ உறுப்பில் விரிசல் இருப்பது 2019இல் தெரியவந்தது. நிறையப் பறந்த சில விமானங்களை மாற்றியமைக்கப் பிரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. 30,000 தடவையைத் தாண்டிய விமானங்களை ஏழு நாட்களுக்குள்ளும், 22,600 முதல் 29,999 வரை உள்ளவற்றை அடுத்த 1,000 பயணங்களுக்குள்ளும் சோதிக்க அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ உத்தரவிட்டது. விரிசல் கண்ட விமானங்கள் பழுது நீக்கப்படும் வரை நிறுத்திவைக்கப்பட்டன.