உப்பிட்டவர் யார்?

கேள்வி: தொழிற்சங்கம், கொடி என்று அலைகிறவர்கள் கம்பெனிக்கு விசுவாசமாக உழைப்பார்களா? 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதெல்லாம் காற்றில் போய்விட்டதா?
- ஒரு வாசகர், சாயல்குடி

பதில்: சாயல்குடியில் உட்கார்ந்துகொண்டு உப்பை இழுக்கிறீர்களே! பஸ் ஏறிப் பக்கத்து வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய், உப்பிடுகிறவர் யார் என்று பார்த்துவிட்டு வாருங்கள். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரிக் கரையேற்றுகிறாளே, அவள்தான் எனக்கும் உங்களுக்கும் அவளுடைய முதலாளிக்கும் உப்பிட்டவள். ஐப்பசி மழையில் பாத்தி முழுகி, கூலி நின்றுபோகிற மாதங்களில் அவளை யார் உள்ளளவும் நினைக்கிறார்கள்?

நாம் நினைப்பது பாக்கெட் உப்பை. கல்லுப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டு மாவடு மாவடுவாக இல்லை. இதைச் சொன்னால் வீட்டில் எனக்கெதிராகவே ஒரு சங்கம் கூடுகிறது. போகட்டும்.

உப்பளத்தில் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். 25-க்கு வந்தால் உப்புப் பூக்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பேறும். அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். கணக்கப்பிள்ளை மறந்துவிட்டார் என்று வையுங்கள். யார் வாய் திறப்பார்? "நமக்கெதுக்கு வம்பு" என்று குனிந்து வாருகிற உங்கள் விசுவாசியா, 'நாளைக்கு வராதே' என்றால் ஏனென்று கேட்க நாலு பேர் உள்ளவளா?

1950-களின் தொடக்கத்தில் யேசு சபைப் பாதிரியார் ஒருவர் சிகாகோ இறைச்சி ஆலைத் தொழிலாளர்களிடம் உங்கள் கேள்வியையேதான் விசாரித்தார். பெரும்பாலோர் சங்கமும் வேண்டும், கம்பெனியும் வேண்டும் என்றார்கள். பின்னால் ஆராய்ந்தவர்களும், இரு தரப்பும் முகம் பார்த்துப் பேசுகிற இடத்தில் இரண்டு பற்றும் சேர்ந்தே வளர்கின்றன, பகை முற்றிய இடத்தில்தான் பிரிகின்றன என்கிறார்கள். மற்றபடி, சந்தா ரசீது பையில் இருப்பதாலேயே எவரும் ஒரு கூடை கூட்டியும் வாருவதில்லை, குறைத்தும் வாருவதில்லை.

நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தில் அச்செழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் ஒருவர் இருந்தார், சங்கச் செயலாளர். மத்தியானம் வாசலில் நின்று முதலாளியைக் கிழிகிழியென்று கிழிப்பார். ராத்திரி பதினொரு மணிக்கு ஈரம் காயாத புரூஃபோடு வந்து என்னை எழுப்புவார்: "ஐயா, மூணாம் பத்தியில ஒற்றெழுத்தை விட்டுட்டீங்க. இப்படியே அடிச்சா நம்ம பிரஸ் பேரு என்னாகும்?"

உங்கள் கடிதத்தில் 'தொழில்சங்கம்' என்றிருந்தது. அவர் இல்லாததால் நானே திருத்திக்கொண்டேன்.