வற்றினாலும் கண்மாய் கண்மாய்தான்: ஜீப் பயணம், சில கேள்வி-பதில்கள்

கேள்வி: எங்கள் கண்மாய் கோடையில் வறண்டு கிடக்கிறது. விடுமுறைக்கு வரும் நண்பர்கள் ஜீப்பில் கரை ஏறி இறங்க ஆசைப்படுகிறார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் என்ன தடை? (தேவகோட்டை வாசகர்)

வற்றிப்போனாலும் வருவாய்ப் பதிவேட்டில் அது நீர்நிலைதான். புறம்போக்கு என்பதால் யார் என்ன செய்தாலும் கேள்வி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தினுடையவை. பாசன நீர் குறைய வாய்ப்புண்டு என்று தெரிந்தும் கரையையோ, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலையோ சேதப்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கரைச் சரிவில் டயர் தடத்தைக் கையை வைத்து அளந்தேன். ஒரு சாண் ஆழம். செம்மண்ணும் சரளையுமான நம் கரையில் ஐப்பசி மழை வழி தேடும்போது அந்தத் தடம்தான் வாய்க்காலாகும். வாய்க்கால் கரையை அறுக்கும். மேல் கண்மாய் உடைந்தால், அதன் கலுங்கில் (உபரி நீர் வழியும் இடம்) வரும் நீரை நம்பியிருக்கும் கீழ்க் கண்மாயும் தாங்காது. நண்பர்களைக் கரைமேல் நடந்து போகச் சொல்லுங்கள். மாலையில் அதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் சொந்தத் தோட்டம் இருக்கிறது. பதிவு எண் இல்லாத நான்கு சக்கர வண்டியை வேலிக்குள் மட்டும் ஓட்டலாமா?

என் நிலம், என் வண்டி என்று எளிதாக முடித்துவிட முடியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 39ஆம் பிரிவில், பொது இடத்தோடு நிறுத்தாமல் 'வேறு எந்த இடத்திலும்' என்றும் சேர்த்தே பதிவில்லாத வண்டிக்குத் தடை போடுகிறது. விருந்தாளியின் கால் ஒடிந்தால் வழக்கறிஞர் முதலில் புரட்டுவது அந்த வரியைத்தான்.

கேள்வி: ஊர்ப் பொட்டலில் ஐந்தாறு ஜீப்புகள் பந்தயம் வைக்கலாமா?

மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் கூடாது. மக்கள் வந்துபோக உரிமையுள்ள பொட்டல் சட்டப்படி பொது இடம்; அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பாயும். வழக்கமான கார் காப்பீடும் பந்தயத்துக்குக் கை கொடுக்காது.

கேள்வி: வேட்டங்குடிக்குப் பறவை பார்க்க வருகிறோம். வண்டியோடு உள்ளே இறங்கலாமா?

வேண்டாம். அது சரணாலயம்; 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே போக அனுமதி தேவை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காதவர்கள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். அவர்கள் ஊரில் எஞ்சினை உறுமவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வரத்துக்காலை வண்டிகள் உழுதுவிட்டன. யாரிடம் சொல்வது?

தடம் அழியுமுன் படம் எடுங்கள். வண்டி எண், நாள், நேரம், சர்வே எண் நான்கையும் எழுதிக் கிராம நிர்வாக அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள்; காவல் நிலையத்திலும் ஒன்று. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.