சேந்தன் அமுதனின் முடிச்சு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தக்கலையில் வசிக்கிறேன். பொன்னியின் செல்வன் திரைப்படத்தின் இரு பாகங்களையும் அண்மையில் வீட்டில் அனைவரும் சேர்ந்து மறுபடி பார்த்தோம். வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த தொகுப்பில் கல்கியைப் படித்து வளர்ந்த என் அப்பா, "இது கல்கியின் கதையே இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நாவலைப் படிக்காத என் கணவருக்குப் பெயர்களும் உறவுகளும் கடைசிவரை பிடிபடவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளோ படத்தில் மயங்கி, இப்போது 'புது வெள்ளம்' பாகத்தைக் கையிலெடுத்திருக்கிறாள். இத்தனை செலவும் உழைப்பும் சேர்ந்த படத்தைப் பற்றி ஒரே வீட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன்? அப்பாவின் கோபத்தில் நியாயம் உண்டா?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள வாசகிக்கு,

நியாயம் உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்கு அடியில் வேறொரு காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய அந்தத் தொடர், 1954 மே மாதம்வரை மூன்றரை ஆண்டுகளுக்கு வாரந்தோறும் வந்தது. முதல் வாக்கியத்திலேயே நம்மைக் கற்பனை ஓடத்தில் ஏற அழைக்கும் கதைசொல்லி, ஐந்து பாகங்களிலும் இடையிடையே கேலி பேசியும், வரலாறு சொல்லியும், மறந்துபோன உறவுமுறையை நினைவூட்டியும், மணியத்தின் ஓவியங்களோடு நம் கூடவே நடந்து வருகிறார். மணிரத்னம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் தந்த இரு பாகங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். தோட்டா தரணியின் அரண்மனைகளும் ரவி வர்மனின் ஒளிப்பதிவும் கண்ணை நிறைக்கின்றன. அந்தக் குரலுக்கு அங்கே இடமில்லை. உங்கள் அப்பா தேடியது அந்த வழித்துணையைத்தான். உங்கள் கணவர் பெயர்களுக்கிடையே வழி தவறியதும் அது இல்லாததால்தான். இதற்காக எந்த இயக்குநரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்று கோபிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களையும், அவர்களுடைய உறவினரின் சொத்துகள் பறிக்கப்பட்டதையும் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கதையில் அந்தக் கொலையோடு பிணைந்து வரும் நந்தினி அதில் இல்லை, அவள் கல்கி படைத்தவள்; கற்பனை நாவலிலேயே தொடங்கிவிட்டது. (திரையில் புலிக்கொடி உயர்ந்தபோது நாகர்கோவிலிலும் கைதட்டினோம். சேர நாட்டுக் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த வெற்றியைப் பெருமையாகப் பாடும் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியை அப்போது நம்மில் எவரும் நினைத்திருக்க மாட்டோம். நம் தென்கோடிக்குச் சோழர் விருந்தாளிகளாக வந்தவர்கள் அல்லர்.)

ஆனால் வெட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. நம் ஊர்க் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கூடியிருப்பவர்கள் கதையை முன்பே அறிந்தவர்கள். நள்ளிரவுப் படைப்புக்குள் கதை வந்து சேர வேண்டும் என்பதால் புலவர் எத்தனையோ கிளைகளைத் தாண்டிப் போவார்; யாரும் முகம் சுளிப்பதில்லை. தெய்வம் தெய்வமான கட்டத்தை அவர் விட்டுவிட்டால் மட்டும், முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார். படத்தில் கடம்பூர் இளவரசி மணிமேகலை இல்லாதது எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்கும் நாவலுக்குப் போர்க்களத் தொடக்கம் தந்ததையும் ஏற்றுக்கொண்டேன். பூத்தொடுத்துக் கோயில் தொண்டு செய்யும் இளைஞன் சேந்தன் அமுதனைச் சுற்றிக் கல்கி போட்ட முடிச்சை அவிழ்த்து எறிந்ததைத்தான் ஏற்க இயலவில்லை. படத்தில் அருள்மொழி (பின்னாளின் ராஜராஜன்), நமக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்த மதுராந்தகனுக்கு முடியைக் கொடுக்கிறார், அது பெருந்தன்மை. நாவலில் அந்த முடி போய்ச் சேரும் தலை எது என்று தெரியும்போதுதான் ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று ஏன் பெயர் வந்தது என்பது புரிகிறது. இரண்டாம் பாகம் கரிகாலன், நந்தினி ஆகிய இருவரின் காதல் துயரத்தில் முழு எடையையும் வைத்ததால், அவர்களுக்குப் பின் வரும் காட்சிகள் பந்தல் பிரித்த பிறகான கொடைத் திடல்போல ஆகிவிட்டன. அப்பா எழுந்து போனது அந்த இடத்தில்தான் என்றால், நான் அவர் பக்கம்.

இந்தப் பதிலை உங்கள் மகளும் படிக்கக்கூடும் என்பதால் அந்த முடிச்சை நான் விரித்துச் சொல்லவில்லை. படம் பார்த்துவிட்டதால் முடிவு தனக்குத் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். ஐந்தாம் பாகத்தை முடிக்கும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.