‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்றால்

காணி அனுமதிப்பத்திரம் கேட்டு மூன்று நினைவூட்டற் கடிதங்கள் எழுதியும், ‘கோப்பு மேலே போயிருக்கிறது’ என்றே அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது நினைவூட்டற் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் காணி அனுமதிப்பத்திரக் கோப்பு எந்த அலுவலரிடம், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது என்று, இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. தகவலை வழங்குவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மாடியே இல்லாத கட்டடத்தில் கோப்பு மூன்று முறை ‘மேலே’ போனதற்குக் காரணம், உங்கள் நினைவூட்டல்களுக்கெனத் தனிக்கோப்பு திறக்கப்பட்டு, அது மூலக்கோப்பின் வரவுக்காகக் காத்திருப்பதாக இருக்கலாம். மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் எனது மூலக்கோப்பு, எழுதுவினைஞரின் மேசைக்கால் ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கு வந்த பதில்களில் கோப்பு இலக்கம் ஒன்றுதானா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தகவல் கேட்பதனால் கோப்பின் இருப்பிடம் தெரியவருமே தவிர, அனுமதிப்பத்திரம் விரைந்து வந்துவிடாது. தகவல் கேட்கும் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டமைக்கான எழுத்துச் சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.