ரெண்டு இன்புட் போதுமா, எட்டு வேணுமா? குடியாத்தம் தம்பிக்கு பதில்

குடியாத்தத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "நான் பாடுவேன், தங்கச்சி கீபோர்டு வாசிப்பா. அம்மன் பாட்டு நாலஞ்சு சொந்தமா மெட்டு கட்டி வச்சிருக்கோம், வைகாசி சிரசு திருவிழாவுக்குள்ள வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணி வெளியிடணும். வீடு பஸ் போற ரோட்டு மேல. கையில 30,000 ரூபா இருக்கு. இன்டர்ஃபேஸ்ல ரெண்டு இன்புட்தான், பத்தாது, 8 சேனல் யூஎஸ்பி மிக்சர் எடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். 192 கிலோஹெர்ட்ஸ் இருக்கறதா பாத்து வாங்குன்னு ஃப்ரெண்டு சொல்றான். ஒருநாள் பம்பை செட்டு வச்சும் ஒரு பாட்டு எடுக்கணும்னு ஆசை. எதை வாங்கறது?"

தம்பி, இன்டர்ஃபேஸ்ங்கறது மைக், கீபோர்டு சத்தத்தை கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போற பெட்டி, அதுல ரெண்டு இன்புட் இருந்தா உங்களுக்கு தாராளமா போதும். மிக்சர் வேணாம், 192 பத்தி யோசிக்கவே வேணாம். பாட்டுல எத்தனை சத்தம் வருதுன்னு எண்ணி இன்புட் முடிவு பண்ணக் கூடாது, ஒரே நேரத்துல எத்தனை வயர் ஓடப் போவுதுன்னு எண்ணணும். முதல்ல தங்கச்சி கீபோர்டோட லெஃப்ட், ரைட் ரெண்டு வயரையும் ரெண்டு இன்புட்ல சொருகி முழுப் பாட்டும் வாசிச்சு முடிக்கட்டும், அப்புறம் வயரை உருவிட்டு மைக்கை மாட்டி, அவங்க வாசிச்சதை ஹெட்ஃபோன்ல கேட்டுகினே நீங்க பாடுங்க, அதுக்கு மேல கோரஸ், தாளம், மணி, குலவைன்னு ஒண்ணொண்ணா ஏத்திகினே போலாம். கம்ப்யூட்டர்ல 30 டிராக் ஆனாலும் ரெண்டு இன்புட் வழியாவே எல்லாம் உள்ள வந்துடும்.

மிக்சர்ல எட்டு வயர் சொருகலாம்கறது வாஸ்தவம்தான். ஆனா உங்க பட்ஜெட்டுல கிடைக்கற யூஎஸ்பி மிக்சர் பெரும்பாலும் எட்டையும் ஒண்ணா கலந்து லெஃப்ட், ரைட்னு ரெண்டே டிராக்காத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நாளைக்கு உக்காந்து கேக்கும்போது குரல் அமுங்கி இருக்கு, கொஞ்சம் தூக்கலாம்னு பாத்தா கூடவே கீபோர்டும் எழும்பும், பிரிக்கவே முடியாது. கோயில் மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அது நல்ல சாமான், வீட்டு ரெக்கார்டிங்குக்கு இல்ல. நம்ம பக்கத்து கடைங்கள்ல ஸ்டாக் இருக்கறது மேடை சாமான்தான், அதனால நீங்க எதைக் கேட்டுப் போனாலும் அதைத்தான் எடுத்து முன்னாடி வைப்பாங்க.

192 கதைக்கு வருவோம். ஒரு செகண்டுக்கு சத்தத்தை எத்தனை ஆயிரம் தடவை அளந்து எடுக்குதுங்கற கணக்கு அது. சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 48. நீங்க 24 பிட், 48 வச்சு எடுங்க, போதும். 192-ல எடுத்தா ஃபைல் நாலு மடங்கு பெருசாகும், லேப்டாப் திணறும், கேக்கறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதுக்கு பதிலா பாக்க வேண்டிய நம்பர் கெய்ன், அதாவது மைக் சிக்னலை இன்டர்ஃபேஸ் எவ்ளோ தூக்கும்கற அளவு. பஸ் போற ரோட்டு வீட்டுக்கு சின்ன சத்தத்தையும் இழுக்கற கன்டென்சர் மைக் வேணாம், தெருவுல அடிக்கற ஹாரன் எல்லாம் உள்ள வந்துடும், ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் எடுத்து வாய்க்கு ரெண்டு மூணு இஞ்சு தள்ளி வச்சு, ஃபேனை நிறுத்திட்டு பாடுங்க. டைனமிக் மைக்லேர்ந்து வர்ற சிக்னல் சன்னமா இருக்கும், அதை இரைச்சல் இல்லாம தூக்க இன்டர்ஃபேஸ்ல 55 டெசிபலாவது கெய்ன் இருந்தா நிம்மதி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூணாவது ஜெனரேஷன்ல 56, 2023-ல வந்த நாலாவது ஜெனரேஷன்ல 69, ஆடியண்ட் ஐடி14-ல 58, மோட்டு எம்2-ல 60. இதுல எது கிடைச்சாலும் சரி. விலை மாசா மாசம் மாறுது, அதனால மைக், காதை மூடற ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, மைக்கை மாட்டற எக்ஸ்எல்ஆர் கேபிள் இதுக்கெல்லாம் முதல்ல காசை ஒதுக்கிட்டு மிச்சத்துல இன்டர்ஃபேஸ் பாருங்க. பத்தலைன்னா பெரிங்கர் யூஎம்சி202எச்டிக்கு இறங்குங்க, வாய்விட்டுப் பாடற குரலுக்கு அது தாங்கும். மைக்ல மட்டும் குறைக்காதீங்க. ரொம்ப மலிவா எஸ்எம்58 கிடைக்குதுன்னா அது டூப்ளிகேட், அதுக்குன்னே தனி மார்க்கெட் ஓடுது.

இப்ப முக்கியமான விஷயம், எனக்கு வயிறு எரியற விஷயமும் இதுதான். "ஸ்டுடியோ செட்டு"ன்னு ஒரு டப்பா விக்கறாங்க. உள்ள பிஎம்-800னு ஒரு மைக், பஞ்சு உறை, மடக்கற ஸ்டாண்டு, வலை ஒண்ணு, அப்புறம் கலர் லைட் எரியற வி8 சவுண்டு கார்டு, அதுல கை தட்டற சத்தத்துக்கு ஒரு பட்டன், சிரிக்கற சத்தத்துக்கு ஒரு பட்டன். வாங்கறதுக்கு முன்னாடி அந்த மைக் கேபிளைக் கையில எடுத்துப் பாருங்க. ஒரு முனை மூணு ஓட்டை வச்ச எக்ஸ்எல்ஆர், இன்னொரு முனை பழைய செல்போன் ஹெட்செட் பின் மாதிரி மெலிசா இருக்கும். கன்டென்சர் மைக் ஓட வேண்டிய 48 வோல்ட் அந்த மெலிசு பின் வழியா போகாது. கன்டென்சர்னு பேர் வச்சு விக்கற மைக், அது கொஞ்சூண்டு வோல்ட்ல அரைகுறையா ஓடும், நீங்க பாடறதுக்குப் பின்னாடி ஸ்ஸ்ஸுன்னு இரைச்சல் நிக்கும், எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் குரலைக் கெடுக்காம அது போவாது. லைவ்ல பேசறவங்களுக்கு செஞ்ச சாமான் அது. இன்டர்ஃபேஸ்னா முன்னாடியோ பின்னாடியோ எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருக்கணும், 48வின்னு எழுதின சுவிட்ச் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் கடையை விட்டு இறங்கிடுங்க.

இன்னொரு கூட்டம், "நாங்களே வந்து ஸ்டுடியோ போட்டுத் தர்றோம்"னு கிளம்பி வர்றவங்க. ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர்னு எல்லா ஊர்லயும் இருக்காங்க. செவுத்துல ஒரு இஞ்சு ஃபோம் ஒட்டிட்டு சவுண்டு ப்ரூஃப்னு சொல்வாங்க. ஒரு இஞ்சு ஃபோம் வெளிச் சத்தத்தை நிறுத்தவே நிறுத்தாது தம்பி, உள்ள அடிக்கற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்ளோதான். அதுக்கு உங்க வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை நீங்க பாடற இடத்துக்குப் பின்னாடி சாத்தி வச்சாலே போதும். அவங்க தர்ற சாமானுக்கு பில்லும் இருக்காது, கேட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்னு சொல்வாங்க. பில் இல்லாம வாரண்டி எங்கேர்ந்து வரும்?

ரெண்டு இன்புட் போதும்னு சொன்னேன், அது பம்பை செட்டு பாட்டுக்கு பொருந்தாது, அதை விவரமா சொல்றேன். பம்பைக்காரங்க ஹெட்ஃபோன்ல தாளம் காட்டற கிளிக் சத்தம் கேட்டுகினு தனித்தனியா வாசிக்கறவங்க இல்ல. வர்ணிப்பு ஏற ஏற வேகமும் ஏறும், பாடறவர் ஒரு அடியை இழுத்தா பம்பை அங்க காத்திருக்கும், உடுக்கை அவர் மூச்சைப் பாத்து விழும். இதைப் பிரிச்சு, இன்னிக்கு பம்பை, நாளைக்கு குரல்னு எடுத்தா பாட்டு செத்துடும். ஒண்ணா உக்காந்துதான் வாசிக்கணும். பம்பையில ரெண்டு குடம், குடத்துக்கு ஒரு மைக்குன்னா ரெண்டு, உடுக்கைக்கு ஒண்ணு, கைச்சிலம்புக்கு ஒண்ணு, பாடறவருக்கு ஒண்ணு, பின்பாட்டுக்கு ஒண்ணு, ஆக ஆறு. இங்க ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யூஎம்சி1820 மாதிரி எட்டு மைக் இன்புட் இருக்கறதுதான் வேணும். அப்பவும் ஒரே ரூம்ல எடுத்தா பாடறவர் மைக்குக்குள்ள பம்பை கொட்டும், அப்புறமா குரலை மட்டும் திருத்த முடியாது, அதனால பாடறவரை பம்பைக்கு எதிர்ல உக்கார வச்சு, அவர் மைக்கோட முதுகுப் பக்கம் பம்பையைப் பாக்கற மாதிரி வைங்க, எஸ்எம்58 மாதிரி மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். பம்பை பக்கத்துல கெய்னை நல்லா இறக்கிடுங்க, அவங்க உச்சத்துல அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 10-ஐத் தாண்டக் கூடாது, சோதிக்கும்போது எப்பவும் மெதுவாத்தான் அடிப்பாங்க, "அம்மன் இறங்கற இடத்தை அடிங்கண்ணே"ன்னு கேட்டு செட் பண்ணுங்க. ஆனா இதெல்லாம் ஒருநாள் வேலை. ஒருநாளைக்காக எட்டு இன்புட் சொந்தமா வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க, இல்லைன்னா அந்த ஒரு பாட்டை மட்டும் ஸ்டுடியோவுல போய் எடுங்க.

வாங்கினதும், விண்டோஸ் லேப்டாப்னா சத்தம் லேட்டாகறதைக் குறைக்கற கம்பெனியோட ஏஎஸ்ஐஓ டிரைவரை அவங்க சைட்லேர்ந்தே இறக்கிப் போடுங்க. பாடும்போது குரல் லேட்டா காதுல விழுந்தா டைரக்ட் மானிட்டர் சுவிட்சைப் போடுங்க, கம்ப்யூட்டருக்குப் போய் சுத்தி வராம நேரா கேக்கும். ம்ம்ம்னு ஹம் வந்தா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு கேளுங்க, நின்னுடுச்சுன்னா பிரச்சனை கரண்டுல, இன்டர்ஃபேஸ்ல இல்ல. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடும்போதும் இது வரும். எர்த் பின்னை உடைச்சா ஹம் போயிடும்னு யாராவது சொல்வாங்க, செய்யாதீங்க, உயிருக்கு ஆபத்து.

வேலூர் மாதிரி ஊர்ல ஒரு இன்டர்ஃபேஸை சொருகி, பாடிப் பாத்து வாங்க இடம் கிடைக்கறது குதிரைக்கொம்பு. ஆன்லைன்ல வாங்கினா டப்பா திறந்ததுக்கு ரிட்டர்ன் இல்லைங்கறான், திறக்காம எப்படி சோதிக்கறது? ரிப்பேர்னா நம்ம செலவுல வெளியூருக்கு கூரியர் பண்ணிட்டு மாசக்கணக்கா காத்திருக்கணும். இதைக் கேக்க ஆளில்ல. அதனால ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே இந்திய வாரண்டி உண்டா, டிஃபெக்ட் இருந்தா எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவாங்கன்னு எழுத்துல வாங்கிடுங்க. சீல் உடைஞ்ச டப்பா வந்தா வாங்காதீங்க, கூட வர்ற சாஃப்ட்வேரை ஏற்கனவே யாராவது பதிவு பண்ணியிருந்தா உங்களுக்கு கிடைக்காம போகலாம். சீல் பிரிக்கறதை செல்போன்ல வீடியோ எடுங்க, சீரியல் நம்பர் தெரியணும். அன்னிக்கே ரெண்டு இன்புட்லயும் மைக் மாட்டி தனித்தனியா பாடி ரெக்கார்ட் பண்ணுங்க, 48 வோல்ட் சுவிட்சைப் போட்டு லைட் எரியுதான்னு பாருங்க, ஹெட்ஃபோன்ல ரெண்டு காதுலயும் கேக்குதான்னு பாருங்க. மாத்தித் தர்ற நாள் முடியற வரைக்கும் டப்பாவையும் உள்ள இருந்த அட்டையையும் தூக்கிப் போடாதீங்க.