வாசகர் கேள்வி – பதில்: சுவிஸ் கணக்கும் சிறைத் தண்டனையும்

கேள்வி: ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவராக இருந்த உலி ஹோனெஸ், தம் சுவிஸ் வங்கிக் கணக்கைப் பற்றி வரித்துறைக்குத் தாமே எழுதிக் கொடுத்தாராமே. பிறகு ஏன் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: எழுதிக் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் முழுமையாக எழுதிக் கொடுக்கவில்லை. இறைச்சித் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளருமான ஹோனெஸ், சுவிஸ் வங்கிக் கணக்கின் வழியாக அந்நியச் செலாவணி ஊக வணிகத்தில் பெரும் பணம் ஈட்டி, அந்த லாபத்தை வரித்துறையிடம் காட்டாமல் வைத்திருந்தார். வரி ஏய்த்தவர், அதிகாரிகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே தாமாக முன்வந்து, எதையும் விடாமல் கணக்குக் காட்டி, நிலுவையை வட்டியுடன் செலுத்திவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்பது ஜெர்மன் சட்டம். பத்திரிகை ஒன்று அந்தக் கணக்கைத் துருவத் தொடங்கியதை அறிந்த பிறகு, 2013 ஜனவரியில் அவசர அவசரமாகத் தயாரித்துக் கொடுத்த அவருடைய அறிக்கையில் வரியைக் கணக்கிடுவதற்கு வேண்டிய விவரங்கள் இல்லை. முழு ஆவணங்களும் வந்து சேர்ந்தது விசாரணைக்கு இரு வாரங்களுக்கு முன்புதான்.

குற்றப்பத்திரிகை குறிப்பிட்ட ஏய்ப்புத் தொகை 35 லட்சம் யூரோ. 2014 மார்ச்சில் மியூனிக் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிய அன்றே அது 1 கோடியே 85 லட்சம் என்று அவரே ஒப்புக்கொண்டார். தீர்ப்பு நாளில் 2 கோடியே 85 லட்சத்தில் வந்து நின்றது. ஏய்ப்பு 10 லட்சம் யூரோவைத் தாண்டினால், மிகவும் கனமான காரணம் இருந்தாலொழிய தண்டனையை நிறுத்திவைக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-லேயே வரையறுத்திருந்தது. ஒப்புதல் வாக்குமூலத்தைச் சலுகையாகக் கருதிய பிறகும் மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. பாதிக் காலம் முடிந்ததும் 2016 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்.

கேள்வி: அமெரிக்காவில் இதே குற்றத்தைச் செய்த பொம்மை நிறுவன முதலாளி ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லையாமே. இது எந்த நியாயம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 'பீனி பேபீஸ்' பொம்மைகளால் பெரும் செல்வரான டை வார்னரைக் குறிப்பிடுகிறீர்கள். 1996-ல் சுவிட்சர்லாந்தில் கணக்குத் தொடங்கிய அவர், அதிலிருந்து வந்த வருமானத்தைப் பல ஆண்டுகள் மறைத்தார். தண்டனை வழிகாட்டி விதிகளின்படி 46 முதல் 57 மாதங்கள் வரை சிறை கிடைத்திருக்கலாம். ஆனால் 2014 ஜனவரியில் சிகாகோ நீதிபதி விதித்தது இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 500 மணி நேரச் சமூகப் பணி, ஒரு லட்சம் டாலர் அபராதம் ஆகியவை மட்டுமே. இவை தவிர, 5 கோடியே 36 லட்சம் டாலர் தண்டத் தொகையைக் கட்டவும் அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். வழக்கு வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே, விளம்பரமின்றி அவர் செய்துவந்த தருமங்களை நீதிபதி பெரிதும் எடுத்துக்கொண்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தும் 2015-ல் அந்தத் தீர்ப்பே நிலைத்தது.

ஜெர்மனியில் தொகைக்கு ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் வழிகாட்டி விதிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை. என்னைக் கேட்டால், கொடைக்காகச் சிறையைத் தள்ளுபடி செய்வது சரியன்று. கோடிக்கணக்கில் கொடுக்கக்கூடியவருக்கே கிடைக்கும் சலுகையல்லவா அது? சிறு கடைக்காரர் கணக்கை மறைத்து மாட்டிக்கொண்டால் அவருக்காகச் சான்றுக் கடிதம் எழுத எத்தனை பேர் வருவார்கள்? ஹோனெஸும் பெரிய கொடையாளிதான்; அது அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றவில்லை.

கேள்வி: பணத்தை மறைக்க உதவும் வங்கி அதிகாரிகளைத் தண்டிப்பதுண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, சில நேரம் விசித்திரமாக. யுபிஎஸ் வங்கியின் ஜெனீவா கிளையில் பணிபுரிந்த பிராட்லி பிர்கன்ஃபெல்ட் 2007-ல் அமெரிக்க அரசிடம் வங்கியின் இரகசியங்களைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக அந்த வங்கி 2009-ல் 78 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. ஆனால் தம் வாடிக்கையாளரான கட்டடத் தொழிலதிபர் ஐகர் ஒலெனிகாஃப் பணத்தை மறைக்கத் தாம் உதவியதை அவர் முழுமையாகச் சொல்லவில்லை என்று வழக்குத் தொடர்ந்து, அவருக்கு 40 மாதச் சிறை விதித்தார்கள். அந்தத் தொழிலதிபரோ 5 கோடியே 20 லட்சம் டாலர் கட்டிவிட்டுக் கண்காணிப்புடன் வெளியிலேயே இருந்தார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்வதற்கில்லை. இரகசியத்தைத் தந்ததற்காக பிர்கன்ஃபெல்டுக்கு 2012-ல் 10 கோடியே 40 லட்சம் டாலர் வெகுமதியும் கிடைத்தது.

கேள்வி: நம் நாட்டில் என்ன தண்டனை?
– வாசகர், வேலூர்

பதில்: 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி, அறிவிக்காத வெளிநாட்டு வருமானத்துக்கும் சொத்துக்கும் 30 சதவீத வரியும், அந்த வரியைப் போல் மூன்று மடங்கு அபராதமும் உண்டு. வேண்டுமென்றே ஏய்த்தது நிரூபணமானால் 3 முதல் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல். அப்போது, வரியும் அபராதமுமாக 60 சதவீதம் கட்டித் தாமாக அறிவிக்கத் தரப்பட்ட வாய்ப்பு அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது.