காட்ஸ்வோல்ட்ஸ், ஒரே நாள், கார் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில், சிப்பிங் கேம்ப்டன் என்ற ஊரிலிருந்து பிராட்வே என்ற ஊர் வரை அம்மாவை நடத்திக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் தூரம் பிரச்சினையே இல்லை, 312 மீட்டர் உயரத்தில், குன்றின்மேல் இருக்கும் பிராட்வே டவர் என்ற பழைய கோபுரத்திலிருந்து ஊருக்குள் இறங்கும் புல் சரிவு இருக்கிறதே, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட அந்த இறக்கம்தான் எமன். மழை பெய்திருந்தால் வழுக்கவும் செய்யும்.

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறி மோர்டன்-இன்-மார்ஷில் இறங்குங்கள், ஒன்றரை மணி நேரம்தான். அங்கிருந்து பஸ்ஸில் போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர். கூட்டம் நெரியும் ஊர், அங்கே நேரத்தை வீணாக்காமல் லோயர் ஸ்லாட்டருக்கு நடங்கள், பெரும்பாலும் சமதளம், அரைமணி, முக்கால் மணி நேரம் ஆகும். தேன் நிறக் கல் வீடுகள், ஓடையோரம் பழைய மில், எல்லாம் அங்கேயே இருக்கிறது. அம்மா தெம்பாக இருந்தால் இன்னும் ஒரு மைல் தள்ளி அப்பர் ஸ்லாட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் போன தன் ஆட்கள் எல்லோரும் உயிரோடு திரும்பிவந்த அபூர்வமான கிராமம் அது.

வழியில் கம்பங்களிலும் வேலிக் கதவுகளிலும் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், உள்ளே ஆடு மேயும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கிராமத்து பஸ்ஸை நம்ப முடியாது. திரும்பும் கடைசி பஸ் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.